பெயரும் வேண்டும், காரணமும் வேண்டும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், குடியாத்தம் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்.

தணிக்கைக் குழு படங்களுக்குச் சான்றிதழ் தருவது மறைவில் நடப்பதுதான் நியாயம் என்று எதிரணித் தோழர் பேசினார். குழுவினரின் பெயர் தெரிந்தால் ரசிகர்கள் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களாம். அமெரிக்காவில் படங்களைத் தரம் பிரிக்கும் குழுவில் இருக்கும் பெற்றோர்களின் பெயரைச் சொல்வதில்லையாம். சரி ஐயா. அதே அமெரிக்காவில் 1990-லிருந்து சான்றோடு காரணத்தையும் ஒரு வரி சேர்க்கிறார்களே, வன்முறையா, கெட்ட வார்த்தையா என்று. அதை ஏன் விட்டுவிட்டார்?

இங்கே படம் தொடங்குமுன் சான்றிதழ் திரையில் வரும். இருட்டில் நம்பர் தேடி உட்காருவதற்குள் அது போய்விடும். உட்கார்ந்து படித்தாலும் காரணம் கிடைக்காது.

காட்பாடியில் என் ஒன்பது வயது மகளை 'யு/ஏ 7+' படத்துக்கு அழைத்துப் போனேன். இடைவேளைக்கு முன்னால் ஒரு வெட்டுக் காட்சி. என் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்தவள், கடைசி வரை எடுக்கவில்லை. கை மட்டும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்றுதான் 2023-ல் சட்டத்தைத் திருத்தி 'யு/ஏ'வை 7, 13, 16 வயது என்று பிரித்தார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது? 'ரத்தம் அதிகம்' என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் அவளை ஆயா வீட்டில் விட்டிருப்பேனே!

படம் எடுப்பவர் பாடு இன்னும் மோசம். 'ஏ' கொடுத்துவிட்டால் அப்படியே டிவியில் போட முடியாது, அந்த வருமானத்துக்கு ஆபத்து. முன்பு மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் இருந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தவருக்கு வக்கீல் பீஸுக்கு ஏது பணம்? மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்ற பயமும் சும்மா வந்ததில்லை. தன் படத்தின் இந்திப் பதிப்புக்குச் சான்றிதழ் வாங்க 6.5 லட்சம் லஞ்சம் கொடுக்க வேண்டி வந்தது என்று 2023-ல் நடிகர் விஷால் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது.

குழுவினர் படம் பார்க்கும் வரை அவர்கள் பெயரை மறைத்து வையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பார்த்து முடித்த பிறகு என்ன பயம்? சத்துவாச்சாரி கோர்ட்டில் நீதிபதி காரணம் எழுதி, கீழே கையெழுத்தும் போடுகிறாரே! அப்படி எழுதும் ஒரு வரியை டிக்கெட் கவுன்டரில், விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லித்தான் கேட்கிறேன், நடுவர் அவர்களே.