பியானோ இல்லாத நால்வர்

வணக்கம். சத்துவாச்சாரியிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் இந்த வெயிலில் பஸ் பிடித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

சாக்ஸபோன் என்றதும் நம்மில் பலருக்குக் கத்ரி கோபால்நாத்தான் ஞாபகம் வருவார். வரட்டும். இன்று அதே வாத்தியத்தை அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மன் கையில் கேட்போம். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 1930-ல் பிறந்தவர். ஆல்பத்தின் பெயர் 'த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்'. 1959 மே மாதம் பதிவானது. நாலே பேர். ஆர்னெட் ஆல்டோ சாக்ஸ், டான் செர்ரி கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஒரு ஊதுகுழல்), சார்லி ஹேடன் பாஸ் (ஆள் உயரத் தந்தி வாத்தியம்), பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸ். பியானோ கிடையாது.

சண்டையே அதில்தான் ஆரம்பித்தது. வழக்கமாக ஜாஸில் பியானோக்காரர் கார்ட்ஸ், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில், போட்டுக்கொண்டே வருவார், ஊதுகிறவர் அந்த வரிசைக்குள் கற்பனை பண்ணுவார். பாட்டு இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்பவரும் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஆர்னெட் அந்தப் பிடியை எடுத்துவிட்டு, மெட்டு போகிற பக்கம் போனார்.

அந்த நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் இந்தக் குழு வாசித்தது. இரண்டு வாரம் என்று பேசியது இரண்டரை மாதம் ஓடியது. இசை நடத்துநர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் பாராட்டினார். டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் கடுமையாகப் பேசினார். வாசிக்கத் தெரியாத ஆள் என்றவர்களும் உண்டு, ஜாஸுக்கு வழி திறந்துவிட்டார் என்றவர்களும் உண்டு. பின்னாளில் 2007-ல் இதே மனிதருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். அது கிடக்கட்டும், பரிசு வந்ததால் யாருக்கும் காது திறந்துவிடாது.

பியானோ இல்லை என்ற குறை நமக்கு வர நியாயமில்லை. கோயிலில் சாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரக்காரருக்குக் கார்ட்ஸ் போடுவது யார்? தவில், தாளம், ஒத்து, முடிந்தது. (ஒத்து இப்போது சுருதிப்பெட்டி ஆகிவிட்டது, அது வேறு வருத்தம்.) தவில்காரர் வெறுமனே கணக்குப் போட்டுக்கொண்டு பின்னால் வருவதில்லை, ஊதுகிறவரைச் சீண்டுகிறார், பதில் சொல்கிறார். ஹிக்கின்ஸையும் அந்தக் காதோடு கேளுங்கள்.

நமக்கு இடிப்பது வேறு இடம். இப்போது ஒரு துண்டு போட்டுக் காட்டியபோதே முன்வரிசைப் பெரியவர் ஒருவர் 'சுருதி விலகுதே' என்றார். உண்மைதான் ஐயா, விலகுகிறது. வாத்தியத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம். அவர் ஊதியது வெள்ளை பிளாஸ்டிக்கில் செய்த கிராஃப்டன் சாக்ஸ், உலோகத்தில் வாங்கக் கையில் காசு இல்லாமல் எடுத்தது. ஆனால் அது காரணமில்லை என்பது என் கட்சி. அழுகிற குரல் சரியான ஸ்வரஸ்தானத்தில் நிற்காது. அதைத்தான் அவர் ஊதுகிறார், தெரிந்தே.

முதல் பாட்டு 'லோன்லி வுமன்'. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய கடையில் வேலை செய்த காலத்தில், சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஓவியக்கூடத்துக்குள் போயிருக்கிறார். அங்கே ஒரு பணக்காரப் பெண்ணின் ஓவியம். எல்லாம் இருக்கிறது, முகத்தில் மட்டும் அப்படி ஒரு தனிமை. அதிலிருந்து வந்த பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இதில் ஹிக்கின்ஸ் சிம்பலில் வேகமாக ஓடுகிறார். ஹேடன் இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டியபடி தன் பாட்டுக்கு இருக்கிறார். மேலே சாக்ஸும் கார்னெட்டும், அந்த ஓட்டம் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல, மெட்டை இழுத்து இழுத்துப் பாடுகின்றன. இரண்டு வேகம், ஒரே பாட்டு. கை தொடையில் தாளம் போடப் போய் பாதியில் நின்றுவிடும். நிற்கட்டும், விடுங்கள்.

மொத்தம் ஆறு பாட்டு, நாற்பது நிமிஷம்கூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கச் சொல்ல மாட்டேன். இந்த ஒன்றை ஹெட்போனில் இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை சாக்ஸை மறந்துவிட்டு ஹேடனை மட்டும், அப்புறம் எல்லோரையும் சேர்த்து. பெரியவருக்காக இப்போது முழுசாகப் போடுகிறேன். தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்து.