தாழ்மைன்னா எல்லாத்துக்கும் தலையாட்டணுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

ஸ்தோத்திரம். வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னைய விடவே மாட்டேங்குது. ஆத்தங்குடியில, தரைக்குப் போடுற பூக்கல்லு செய்யுற பட்டறையில வேலை பாக்குற ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காரு. "ஐயா, தாழ்மையா இரு, ஒப்புக்கொடுன்னு சொல்றீங்க. நான் பேசாம இருக்கேன்னுதான் கூலியக் கொறைக்கிறாங்க, ஏறி மிதிக்கிறாங்க, இதுவா கர்த்தருக்குப் பிரியம்?"

இல்ல தம்பி. இது பிரியம் இல்ல.

ரெகுலரா பாக்குறவங்களுக்குத் தெரியும், நான் யோவான் 13க்குத்தான் திரும்பத் திரும்பப் போவேன், இன்னைக்கும் அங்கதான் போறேன். இயேசு சீஷங்களோட காலக் கழுவுறதுக்கு முன்னாடி மூணாம் வசனம் இருக்கு பாருங்க, அத எல்லாரும் தாண்டிப் போயிடுறோம். பிதா எல்லாத்தையும் தம்ம கையில குடுத்துட்டாரு, தாம் தேவன்கிட்ட இருந்து வந்தோம், அவர்கிட்டயே போறோம்னு தெரிஞ்சு, தெரிஞ்சுதான் இயேசு எந்திரிச்சு சீலைய அரையில கட்டுறாரு. தான் யாருன்னு தெரிஞ்சவரு குனிஞ்சாரு. அவரக் காட்டிக்குடுக்கப் போற யூதாஸ் அப்ப எந்திரிச்சுப் போகக்கூட இல்ல, அவன் காலையும் சேத்துத்தான் கழுவுனாரு. பயத்துல குனியறது வேற தம்பி, இது வேற.

உங்க பட்டறையிலயே பாருங்களேன். கண்ணாடி மேல அச்சு வச்சு கலர ஊத்துறீங்க, மேல சிமெண்டும் மணலும் போட்டு அமுக்குறீங்க, கல்லோட முகம் கீழதான் இருக்கு. ஊறி, காஞ்சு, கண்ணாடியப் பிரிச்சா பளபளன்னு இருக்கு. அந்த மினுமினுப்ப அமுக்குன கையா குடுத்துச்சு? ஒட்டிக் கெடந்த கண்ணாடி குடுத்துச்சு. மொதலாளி அமுக்குனதால ஒருத்தனுக்கும் தாழ்மை வராது, கிறிஸ்துவோட ஒட்டிக் கெடக்கணும்.

அதே ராத்திரி பிரதான ஆசாரியன் முன்னாடி ஒரு சேவகன் அவர அறையுறான். என்ன சொன்னாரு? நான் தப்பா பேசியிருந்தா எதுன்னு காட்டு, சரியா பேசியிருந்தா ஏன் அடிக்கிறன்னு கேட்டாரு. திருப்பி அடிக்கல, ஆனா கேக்காமலும் விடல. அப்போஸ்தலன் பவுல எடுத்துக்கங்க. கிறிஸ்து தம்மைத் தாழ்த்தினார்னு பிலிப்பியர் 2ல எழுதுறாருல்ல, அதே பிலிப்பி ஊர்லதான் அவர விசாரிக்காமலே அடிச்சு ஜெயில்ல போட்டாங்க, மறுநாள் சத்தமில்லாம போயிடுன்னாங்க. முடியாது, அடிச்ச அதிகாரிங்களே வந்து வெளிய கூட்டிட்டுப் போகட்டும்னாரு, அவங்களும் வந்தாங்க! அப்போஸ்தலர் 16 படிங்க. அதனால கூலியக் கேளுங்க தம்பி. கணக்கு நோட்டக் கையில வச்சுக்கிட்டு, குரல உசத்தாம கேளுங்க. தனியாப் போக யோசனையா இருந்தா கூட வேலை பாக்குறவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க.

ஆனா ஒப்புக்கொடுத்தல்னு ஒண்ணு சொன்னீங்கள்ல, நம்ம இஷ்டத்த தேவன் கையில விட்டுடுறது, அதப் பத்தி நீங்க வேற ஒரு கேள்வி கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும். ஒரு தடவ சபைப் பிள்ளைகள தேவகோட்டை வழியா ஓரியூர் கூட்டிட்டுப் போயிருந்தேன். அருளானந்தர்னு நம்ம கத்தோலிக்க சகோதரர்கள் சொல்ற, போர்ச்சுகல்ல இருந்து ஊழியத்துக்கு வந்த ஜான் டி பிரிட்டோ 1693ல தலை வெட்டுப்பட்ட எடம். செம்மண்ணு. வெயில்னா வெயிலு, பிள்ளைக தண்ணி தண்ணின்னு ஒரே சத்தம், அதுல ஒரு பொண்ணு மட்டும் "அவரு எத விட்டுட்டு வந்தாரு?"ன்னு கேட்டுச்சு. லிஸ்பன் அரமனையில வளந்த மனுஷன், சின்ன வயசுல இளவரசர் கூடவே இருந்தவரு, அந்த இளவரசர் ராஜாவாகி, ஊருக்குத் திரும்பி வந்தவர இங்கயே இருந்துருன்னு கேக்குறாரு. அதுல என்ன பாவம் இருக்கு? நல்ல விஷயந்தான். அத வேண்டாம்னுட்டு மறுபடியும் இந்த ராமநாதபுரம் பக்கத்து மறவர் சீமைக்குக் கப்பலேறுனாரு, சாவு இருக்குன்னு தெரிஞ்சே.

பீடிய விட்டேன், சினிமாவ விட்டேன்னு சாட்சி சொல்றோம், சந்தோஷம். சிலுவைக்கு முந்துன ராத்திரி ஜெபம் பண்ணுன கெத்செமனே தோட்டத்துல இயேசு விட்டது கெட்டது இல்லையே, தம்ம சித்தத்த. "ஆண்டவரே, நல்லதுன்னு நான் புடிச்சுக்கிட்டு இருக்குறதுல எத நீங்க கேக்குறீங்க?" இதத்தான் நீங்க கேட்டிருக்கணும்னு எனக்கு ஆசை. மகனுக்கு நாம போட்டு வச்ச பிளான், சபையில நம்ம ஒக்காந்து பழகுன பதவி, ஊழியமே கூட இதுல வரும். பெருசாப் போகும், தனி வீடியோவாவே பேசுவோம். அடுத்த கேள்வி தசமபாகத்தப் பத்தி ஒரு அம்மா கேட்டிருக்காங்க.