கார்டு இருக்கா பாருங்க, கால பாக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளி பார்க்கிங் பத்தி பேசச் சொன்னாங்க. இதுல பேச என்ன இருக்கு, பெர்மிட், அதான் கார் கண்ணாடில தொங்கவிடற அந்தக் கார்டு, இல்லாதவன் அங்க நிறுத்தக் கூடாது, அவ்ளோதானேன்னு நெனச்சுக்கிட்டேதான் பாதிப் பேர் வந்திருப்பீங்க. சரிதான், அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. ஆனா மனச ரொம்ப நோகடிக்கிற சண்டை எல்லாம் பெர்மிட் இல்லாதவங்களோட நடக்கறதில்லைங்க, முறையா பெர்மிட் வாங்கி வெச்சிருக்கிறவங்களோடதான் நடக்குது. "நல்லாத்தானே நடந்து போறீங்க, உங்களுக்கு எதுக்கு இந்த இடம்?" அப்படின்னு நடு வழியில நிறுத்தி ஒரு கேள்வி. இந்தக் கேள்விய கேக்கற வேலைய நமக்கு யார் குடுத்தா? அதத்தான் இன்னிக்கு பேசப் போறேன்.

அதுக்கு முன்னாடி அந்த இடத்த கொஞ்சம் அளந்து பாத்துருவோம், ஏன்னா அது வாசலுக்குப் பக்கத்துல இருக்கிற சொகுசு இடம்னு ஒரு நெனப்பு ஓடிக்கிட்டிருக்கு. அமெரிக்கால 1990ல மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துச்சு, அதுக்கு கீழ வந்த விதிகள்ல அளவெல்லாம் தெளிவா இருக்கு. 25 கார் வரைக்கும் நிக்கற இடம்னா ஒரு இடமாவது ஒதுக்கணும். பக்கத்துல குறுக்குக் கோடு போட்ட காலி இடம் குறைஞ்சது 5 அடி அகலம் இருக்கணும். வீல்சேர் வேனுக்குன்னா 11 அடி அகலத்துல இடம், கூட அந்த 5 அடி, இல்லன்னா 8 அடி இடத்துக்கு பக்கத்துல 8 அடி கோடு போட்ட இடம். தரை கிட்டத்தட்ட சமமா இருக்கணும், 48க்கு 1ங்கற சரிவுக்கு மேல போகக் கூடாது, போனா வீல்சேர் தானா உருள ஆரம்பிச்சுடும். வாசலுக்குப் பக்கம்ங்கறதும் விதில இருக்கு, இல்லேன்னு சொல்லல, ஆனா அகலம்தாங்க உயிர்.

அந்தக் கோடு போட்ட இடத்த பாத்தா நம்மாளுங்களுக்கு என்ன தோணுது? "சும்மாதானே கெடக்கு, பைக்க போட்டுருவோம்." ஷாப்பிங் கார்ட்ட கொண்டு வந்து அங்க தள்ளிவிட்டுப் போறவங்க இருக்காங்க, பனி பெய்யற ஊர்ல தள்ளின பனிய மொத்தமா அங்கதான் குவிக்கிறாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, ஒருத்தர் வேன்ல இருந்து ரேம்ப்ப, அதான் சரிவுப் பலகைய, எறக்கி, வீல்சேர்ல கடைக்குள்ள போயிட்டார், அவர் திரும்பி வர்றதுக்குள்ள நீங்க அந்தக் கோட்டு மேல கார நிறுத்திட்டுப் போயிட்டீங்க. அவர் வண்டி அங்கயே நிக்குது, சாவி கையில இருக்கு, ஆனா ரேம்ப் எறக்க இடம் இல்ல, அதனால தன் வண்டிக்குள்ள தானே ஏற முடியாம நீங்க வர்ற வரைக்கும் வெயிலோ மழையோ அங்கயே நிக்கணும். நீல நிறத்துல குறிச்சு ஒதுக்கின அந்த பார்க்கிங் இடத்த நீங்க தொடவே இல்ல, டிக்கெட் வராதுன்னு வேற தைரியம். வரும்ங்க, கோடும் அந்த இடத்தோட சேர்ந்ததுதான். கலிஃபோர்னியால 250 டாலர்ல இருந்து 1000 டாலர் வரைக்கும் ஃபைன் போடறாங்க.

அடுத்தது "ரெண்டு நிமிஷம்". இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு, நான் உள்ளதான் உக்காந்திருக்கேன், யாராவது வந்தா எடுத்துருவேன், இது ஒரு வாதம். கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா யாராவது வந்தாங்கன்னு உங்களுக்கு எப்படி தெரியும்? அவங்க தூரத்துலயே ஒரு கார் நிக்கறத பாத்துட்டு, இடம் இல்லன்னு அப்படியே திருப்பிக்கிட்டு போயிருப்பாங்க, ஹார்ன் அடிச்சு உங்ககிட்ட வந்து கெஞ்சிக்கிட்டா இருப்பாங்க. யாருமே வரலன்னு நீங்க வீட்டுக்கு நிம்மதியா போயிருவீங்க. காலியா கெடக்கறதுதான் அந்த இடத்தோட வேலை. அது காலியா இருந்தா வீணாப் போச்சுன்னு அர்த்தம் இல்ல.

சரி, இப்ப அந்த நடந்து போறவங்க விஷயத்துக்கு வர்றேன். பெர்மிட் யாருக்கு குடுக்கலாம்னு அமெரிக்காவோட மத்திய விதில ஒரு வரையறை இருக்கு. அதுல மொதல் வரி என்னன்னா, நடுவுல நின்னு இளைப்பாறாம 200 அடி நடக்க முடியாதவர். அதுக்கப்புறம் இதய நோய் வருது, நுரையீரல் நோய் வருது, கையோட ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டு போறவங்க வர்றாங்க, மூட்டு வாதம் வருது. 200 அடிய மனசுல வெச்சுக்கோங்க. கார்ல இருந்து கடை வாசல் 40 அடி, 50 அடிதான் இருக்கும். அந்த 50 அடிய அவர் நிமிர்ந்து, ஒரு தடியும் இல்லாம, உங்கள மாதிரியே நடந்துருவார். நீங்க பாக்கறது அந்த அம்பது அடிய மட்டும்தான். உள்ள மூணாவது வரிசைல அலமாரிய பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்க நிக்கறத நீங்க பாக்கல, ராத்திரி முட்டி வீங்கிப் போய் படுத்துக் கெடக்கறதையும் பாக்கல. அதுலயும் சில நோய் ஒரு நாள் இருக்கிற மாதிரி மறுநாள் இருக்காது, நேத்திக்கு வீல்சேர்ல வந்தவர் இன்னிக்கு நடந்து வருவார், அத வெச்சு நடிக்கிறார்னு கதை கட்ட நாம ரெடியா இருக்கோம்.

இதுக்கு அந்தப் பலகைல இருக்கிற படமும் ஒரு காரணம்னு நான் நெனக்கிறேன். அந்த வீல்சேர் சின்னத்த 1968ல சுசான் கோஃபோட்னு டென்மார்க்க சேர்ந்த ஒரு டிசைன் மாணவி வரைஞ்சாங்க, அவங்க வரைஞ்சப்ப வெறும் நாற்காலிதான் இருந்துச்சு, உக்காந்திருக்கிற ஆளுக்கு தலையே கெடையாது, தலைய அப்புறமா சேர்த்தாங்க. நல்ல சின்னம், தூரத்துல இருந்தே புரியும், உலகம் முழுக்க பரவிருச்சு. ஆனா அத பாத்துப் பாத்து வீல்சேர்ல வர்றவங்களுக்கு மட்டும்தான் அந்த இடம்னு நம்ம மண்டைல ஏறிடுச்சு. இங்கிலாந்துல 2019 ஆகஸ்ட்ல புளூ பேட்ஜ்ங்கற அவங்க ஊர் பார்க்கிங் பெர்மிட் விதிய மாத்தி, ஆட்டிசம், கடுமையான பதற்றம் மாதிரி வெளில தெரியாத நிலை உள்ளவங்களும் வாங்கலாம்னு தெளிவாவே எழுதிட்டாங்க. சட்டம் மாறிடுச்சு, நம்ம பார்வைதான் இன்னும் அந்த நாற்காலியவே தேடிக்கிட்டிருக்கு.

ஒரு சம்பவம் சொல்றேன். 2018 ஜூலை, ஃப்ளோரிடா மாநிலம், கிளியர்வாட்டர்னு ஒரு ஊர். ஒரு சின்னக் கடை வாசல்ல, பெர்மிட் இல்லாம மாற்றுத்திறனாளி இடத்துல ஒரு கார் நிக்குது. ஒரு பொண்ணு சின்னக் குழந்தைங்களோட உள்ள உக்காந்திருக்காங்க, அவங்க துணைவர் அஞ்சு வயசுப் பையனோட கடைக்குள்ள போயிருக்கார். இன்னொருத்தர் வந்து இங்க எப்படி நிறுத்தலாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சண்டைக்கு நிக்க, துணைவர் வெளில வந்து அவர தள்ளிவிட, கீழ விழுந்தவர் துப்பாக்கிய எடுத்துச் சுட்டுட்டார். அந்தத் துணைவர், 28 வயசு ஆளு, செத்துப் போயிட்டார். சுட்டவருக்கு மறு வருஷம் 20 வருஷ ஜெயில். கவனிங்க, அந்த இடத்துல கார நிறுத்தினது தப்புதான், கேட்ட கேள்வியும் சரியான கேள்விதான். சரியான கேள்விய தப்பான ஆள், தப்பான விதத்துல கேட்டா எங்க போய் முடியும்ங்கறதுக்கு இத விட நான் என்ன சொல்றது.

உடனே ஒருத்தர் எழுந்து கேப்பீங்க, அப்ப ஏமாத்தறவங்கள விட்டுர்றதான்னு. ஏமாத்தறவங்க இருக்காங்க, நெறையவே இருக்காங்க. 2017ல கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் கணக்கு பாத்தப்ப, நூறு வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்க பேர்ல மட்டும் ஏறக்குறைய 26,000 கார்டு உயிரோட இருந்துச்சு, ஆனா மொத்த மாநிலத்துலயே நூறு வயசு தாண்டினவங்க சுமார் 8,000 பேர்தான்னு மதிப்பீடு. மிச்ச கார்டெல்லாம் யார் கார்ல தொங்கிச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அம்மா காலமாயிட்டாங்க, கார்டு மட்டும் பையன் கார்ல மகராசியா வாழுது! இதுக்கு, கார்டு இருந்தா பார்க்கிங் மீட்டர்ல காசு போட வேண்டாம்ங்கற சலுகையும் ஒரு காரணம், அதனாலதான் மிச்சிகன் மாநிலத்துல எல்லாருக்கும் அத குடுக்காம, உடல்நிலையால மீட்டர இயக்கவே முடியாதவங்களுக்கு மட்டும்னு வெச்சுட்டாங்க. எனக்கு அது நல்ல யோசனையாத்தான் படுது. இடம் வேற, காசு வேற.

ஆனா இத எல்லாம் கண்டுபிடிச்சது வாசல்ல நின்னு கத்தினவங்க இல்ல, ஆபீஸ்ல உக்காந்து பதிவேட்ட புரட்டினவங்க. நாம செய்யக் கூடியது சின்ன வேலை. கண்ணாடில கார்டு தொங்குதா, தேதி முடியலையா, அத மட்டும் பாருங்க. தொங்குச்சுன்னா உங்க வேலை முடிஞ்சுது, போய்க்கிட்டே இருங்க. இல்லன்னா வண்டி நம்பர குறிச்சுக்கிட்டு கட்டட நிர்வாகத்துக்கோ, போலீஸ்ல அவசரம் இல்லாத நம்பருக்கோ சொல்லுங்க. கண்ணாடில திட்டி சீட்டு எழுதி செருகறது, ஆள போட்டோ எடுத்து ஊர் பூரா பரப்பறது, இதெல்லாம் வேண்டாம், ஏன்னா கார்ட மாட்ட மறந்துட்டுப் போன ஒரு புற்றுநோயாளி படமா அது இருக்கலாம்.

கார்டு வெச்சிருக்கிறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை, கோவிச்சுக்காதீங்க. கார்டு உங்களுக்குக் குடுத்தது, காருக்கு இல்ல, உங்க வீட்டுக்கும் இல்ல. நீங்க வீட்ல தூங்கறப்ப மருமகன் அத தொங்கவிட்டுக்கிட்டு கடைக்குப் போகக் கூடாது. கூடவே போறீங்க, ஆனா கார விட்டு எறங்கவே போறதில்லன்னா, சாதாரண இடத்துல நிறுத்தச் சொல்லுங்க. ஓட்டறப்ப கார்ட கழட்டி வெச்சுருங்க, பார்வைய மறைக்கும், பல மாநிலத்துல அது சட்டமும் கூட. வேனுக்குன்னு எழுதின இடம் ஆறுல ஒண்ணுதான் இருக்கும், ரேம்ப் இல்லாத காருக்கு பக்கத்துல வேற நீல இடம் காலியா இருந்தா அத எடுத்துக்கோங்க.

ரெண்டு பேருக்கும் கார்டு இருக்கு, ஒரே இடம்தான் காலி, யாருக்கு விடணும்னு போன தடவை ஒரு அம்மா கேட்டாங்க. சட்டம் முதல்ல வந்தவருக்குன்னுதான் சொல்லுது. அந்தம்மாவுக்கு மூட்டு வலி, எதிர்ல வந்தது ரேம்ப் வேன், இவங்க விட்டுக் குடுத்துட்டு தூரத்துல நிறுத்தி நடந்து போய், மறுநாள் எழுந்திருக்க முடியலையாம். விட்டுக் குடுத்தது சரியான்னு என்ன கேட்டாங்க. அந்த இடம் அவங்களுக்கும் சொந்தம்தான்மா, விட்டுருக்க வேண்டியதில்லன்னு சொன்னேன். ரெண்டு கார்டுக்கு ஒரு இடம் வெச்ச அந்தக் கட்டடக்காரர போய் கேளுங்கன்னேன், லெட்டர் எழுதிட்டாங்க.