விசிலுக்கு முன்னால் பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டங்களில் பல வருஷமாக நடுவராக நிற்கிறேன். விளையாடுகிற பிள்ளைகளின் சீருடை, பாதுகாப்புச் சாதனம், அதற்கான விதிகள் இவற்றைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

முதலில் மோதிரம். கூடைப்பந்தில் ஒரு பையன் எம்பிக் குதிக்கிறான். விரலில் உள்ள மோதிரம் வலையின் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. உடம்பின் எடை முழுக்கக் கீழே வருகிறது, மோதிரம் மேலேயே நிற்கிறது. விரலின் தோல் உறை கழல்வதுபோல் உரிந்து வந்துவிடும்; சில சமயம் விரலே போய்விடும். "சின்ன மோதிரம்தானே சார், மேலே டேப் ஒட்டிக்கொள்கிறேனே" என்று கேட்காத பிள்ளையே கிடையாது. ஆட்டக்காரர்கள் அணிவதைப் பற்றிய கால்பந்தின் நான்காம் விதி அதற்கும் இடம் கொடுக்கவில்லை. நகை என்றால் கழற்றியாக வேண்டும்.

அடுத்தது ஷின் கார்டு, அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் காக்கும் தட்டு. காலுறையை இறக்கிவிட்டு, உள்ளங்கையில் பாதிகூட வராத ஒன்றைச் சொருகிக்கொண்டு வருவது இப்போது பிள்ளைகளிடையே பரவலாகிவிட்டது. டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தானே வருகிறார்கள்! தகுந்த பொருளால் செய்ததாக, ஓரளவு பாதுகாப்புத் தருவதாக, காலுறைக்குள் மூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. இத்தனை அங்குலம் என்று அளவு கிடையாது. அளவும் பொருத்தமும் ஆட்டக்காரரின் பொறுப்பு என்று 2024-ல் சேர்த்தார்கள். வளர்ந்தவர்களுக்குச் சரி. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புக்கு அந்தப் பிள்ளையே பொறுப்பு என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அங்கே பயிற்சியாளர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உடம்பைக் காக்கும் விதியில் நான் இம்மிகூட விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலில், மட்டையடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் போடும் நெஞ்சுக் கவசம் தனித் தரச் சோதனையில் தேறியதாக இருக்க வேண்டும் என்று 2020-ல் கட்டாயமாக்கினார்கள். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் பந்து நெஞ்சில் பட்டால், எந்த நோயும் இல்லாத பிள்ளையின் இதயம்கூட நின்றுபோகலாம். அரிதுதான். ஆனால் "போன வருஷக் கவசமே போதும்" என்று சொல்லும் பெற்றோருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நிறம், முடி, தலைத்துணி இவற்றைப் பற்றிய விதிகள் வேறு வகை. கழுத்துக்கு ஆபத்து என்று சொல்லிக் கால்பந்தில் ஹிஜாபைத் தடுத்து வைத்திருந்தார்கள். 2012-லிருந்து சோதனையாக அனுமதித்துப் பார்த்துவிட்டு, 2014-ல் முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள். கூடைப்பந்து 2017 வரை அசையவில்லை. இடையில், 2014 ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் கூடைப்பந்து அணி தலைத்துணியைக் கழற்ற மறுத்து, ஆடாமலே திரும்பியது.

2018 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. ஒரு பள்ளி மல்யுத்த வீரனின் முடி விதிக்குப் பொருந்தவில்லை என்று நடுவர் சொல்ல, பார்வையாளர்கள் கண் முன்னாலேயே அந்தப் பையனின் சடைமுடியைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். அவன் அந்த ஆட்டத்தில் ஜெயித்தான். முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. பிறகு அந்த நடுவரை இரண்டு வருஷம் விலக்கி வைத்தார்கள். முடியில் குறை இருந்தால் ஆட்டத்துக்கு முன்னால் எடை பார்க்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொன்னால் அது நினைவூட்டல். கூட்டத்துக்கு நடுவே சொன்னால் பிள்ளைக்கு அது தண்டனை.

இதைச் சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நடுவராகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு, ஒரு பையன் ஷார்ட்ஸுக்குள் போட்டிருந்த டைட்ஸ் வேறு நிறம் என்பதைப் பார்த்தேன். விதிப்படி தப்புதான். விசில் ஊதி வெளியே அனுப்பினேன். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் துண்டைப் பிடித்து மறைக்க, அவன் ஒற்றைக் காலில் தடுமாறிக்கொண்டே கழற்றினான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் பாதிக்கு அவன் இறங்கவே இல்லை.

அதற்கப்புறம் நான் பத்து நிமிடம் முன்னாலேயே போய்விடுகிறேன். வரிசையில் நிறுத்தாமல், பயிற்சி செய்யும் இடத்துக்கே போய் ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில் சொல்கிறேன். பையில் இரண்டு ஜோடி ஷின் கார்டும் கொஞ்சம் ஷூ லேஸும் எப்போதும் இருக்கும். டைட்ஸ் நிறம் மாதிரி விஷயம் என்றால், மாற்று இருக்கிறதா என்று கேட்பேன். இல்லையென்றால் ஆடவிட்டு, பயிற்சியாளரிடம் அடுத்த முறைக்குச் சொல்லி வைப்பேன்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். காது குத்தினால், ஆறு வாரமாவது தோட்டைக் கழற்றக் கூடாது என்பார்கள். போட்டிகள் தொடங்கும் நேரத்தில் குத்திவிட்டு, "ஆறுகிற வரைக்கும் விடுங்கள் சார்" என்று என்னிடம் வந்தால், நான் அந்தப் பிள்ளையை உட்காரவைக்கத்தான் வேண்டியிருக்கும். கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் குத்துங்கள். அடுத்த போட்டிகளுக்குள் ஆறிவிடும்.