அவன் சுடுவான் என்று முன்பே தெரிந்திருந்தது: ரெட் ஃப்ளாக் சட்டம் எப்படி வேலை செய்கிறது?

வணக்கம். அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ கடையிலோ எவனோ துப்பாக்கியோடு புகுந்து கண்டபடி சுட்டான் என்று செய்தி வந்தால், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் உடனே ஒரு கேள்வி வந்து விழும்: "துப்பாக்கியைத் தடை பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே, என்னதான் பிரச்சினை இவங்களுக்கு?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று நான் பேச வந்தது வேறு விஷயம்: ஆபத்தானவர் என்று தெரிகிற ஒருவரிடமிருந்து துப்பாக்கியை நீதிமன்றம் தற்காலிகமாக விலக்கி வைக்கும் ரெட் ஃப்ளாக் சட்டம்.

1791-இல் வந்த இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அரசியலமைப்புக்குள்ளேயே வைத்துவிட்டது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. திருத்தத்தையே மாற்ற வேண்டுமென்றால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அப்புறம் 50 மாநிலங்களில் 38 சம்மதிக்க வேண்டும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஏப்ரலில், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை இன்னும் கொஞ்சம் பரவலாகச் சரிபார்க்கலாம் என்ற மசோதா செனட்டுக்கு வந்தது. 60 ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் 54-உடன் நின்றுபோனது. மக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகளோ சுமார் 40 கோடி, ஜனத்தொகையைவிட அதிகம். முழுத் தடை என்பது கண்ணுக்கெட்டிய தூரத்தில் நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானா? இல்லை. ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

[திரையில்: மெய்ன் மாநில வரைபடம், லூயிஸ்டன் நகரம்]

2023 மே மாதம். ராணுவ ரிசர்வ் படையில் இருந்த ஒருவரின் முன்னாள் மனைவியும் பதின்வயது மகனும் உள்ளூர் ஷெரீஃப் அலுவலக அதிகாரியிடம் பேசுகிறார்கள். எல்லோரும் தன்னைப் பற்றித் தப்பாகப் பேசுவதாக அவர் நம்புகிறார், இல்லாத குரல்கள் அவர் காதில் விழுகின்றன, சகோதரர் வீட்டில் வைத்திருந்த துப்பாக்கிகளை வேறு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜூலையில் பயிற்சிக்குப் போன இடத்தில் சக வீரர்களே பயந்துபோய், அவரை மனநல மருத்துவமனையில் இரண்டு வாரம் சேர்க்கும்படி ஆகிறது. செப்டம்பரில் அவருடைய நண்பரான இன்னொரு ரிசர்வ் வீரர் மேலதிகாரிக்குச் செய்தி அனுப்புகிறார்: இவர் ஒருநாள் கட்டுப்பாடு இழந்து கூட்டத்தைச் சுட்டுத் தள்ளப்போகிறார் என்று நான் நம்புகிறேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்?

செப்டம்பர் 16 அன்று ஓர் அதிகாரி அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கவில்லை. அதிகாரி திரும்பிவிடுகிறார். துப்பாக்கிகளைக் குடும்பத்தாரே பத்திரப்படுத்துவார்கள் என்ற நம்பிக்கையில் விஷயம் அப்படியே நிற்கிறது. அக்டோபர் 25 இரவு அந்த ஆள் முதலில் ஒரு பௌலிங் விளையாட்டுக்கூடத்துக்கும் பிறகு ஒரு மதுபான விடுதிக்கும் போய் 18 பேரைக் கொன்றார்.

மெய்னில் அப்போது சட்டமே இல்லாமல் இல்லை. யெல்லோ ஃப்ளாக் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன்படி போலீஸ் முதலில் அந்த ஆளைத் தங்கள் காவலில் எடுக்க வேண்டும், மருத்துவத் துறையைச் சேர்ந்தவர் பரிசோதிக்க வேண்டும், அதன் பிறகு நீதிபதி உத்தரவு போட வேண்டும். கதவே திறக்காத ஒருவரிடம் முதல் படியிலேயே எல்லாம் நின்றுவிடும் பாருங்கள். ஆனாலும், நடந்ததை ஆராய்ந்த சுயாதீன ஆணையம் 2024-இல் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தப் போதுமான காரணம் செப்டம்பரிலேயே போலீஸிடம் இருந்தது, பயன்படுத்தியிருக்க வேண்டும்.

[திரையில்: நீதிமன்ற உத்தரவு ஒன்றின் மாதிரிப் படிவம்]

இதற்கு அடுத்த படிதான் ரெட் ஃப்ளாக் சட்டம். 21 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இருந்தது, 2025 நவம்பரில் மெய்ன் மக்கள் வாக்கெடுப்பில் தாங்களே ஓட்டுப் போட்டு அதைக் கொண்டுவந்தார்கள். வேலை செய்யும் விதம் இப்படி: ஒருவர் தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்று ஆதாரத்தோடு மனு போட வேண்டும். அவசரம் என்று நீதிபதிக்குப் பட்டால் அன்றே தற்காலிக உத்தரவு வரும், துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும், புதிதாக வாங்கப் போனால் பின்னணிச் சோதனையில் மாட்டும். ஃப்ளோரிடாவில் 14 நாளுக்குள் முழு விசாரணை நடக்க வேண்டும், அதில் ஆதாரம் வலுவாக இருந்தால்தான் ஒரு வருடம் வரை உத்தரவு நீடிக்கும். இது குற்றத் தண்டனை கிடையாது, ஜெயிலும் கிடையாது. காலம் முடிந்தால் துப்பாக்கி திரும்பக் கிடைக்கும்.

இதை எதிர்ப்பவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரின் உரிமையை, அவர் தரப்பைக் கேட்பதற்கு முன்பே பறிப்பது சரியா? கோபத்தில் இருக்கும் முன்னாள் மனைவியோ கணவனோ பொய்ப் புகார் கொடுத்தால்? வெறும் சாக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் விசாரணைக்குக் கெடு வைத்திருக்கிறார்கள், பொய் மனுவுக்குத் தண்டனை வைத்திருக்கிறார்கள். 2024-இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றமும், மற்றவரின் உடல் பாதுகாப்புக்கு ஆபத்து என்று நீதிமன்றம் முடிவு செய்த ஒருவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம் என்று 8-க்கு 1 எனச் சொல்லிவிட்டது. அது குடும்ப வன்முறை வழக்குதான், ரெட் ஃப்ளாக் வழக்கு இல்லை. ஆனால் அடிப்படை எண்ணம் ஒன்றே.

ஃப்ளோரிடாவைக் குறிப்பாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கேயும் அதே கதை: அந்த இளைஞனைப் பற்றி ஜனவரியிலேயே எஃப்பிஐ-க்கு ஒருவர் போன் பண்ணி எச்சரித்திருந்தார், தகவல் உள்ளூர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. உயிர் தப்பிய மாணவர்கள் சட்டமன்றத்தில் போய் நின்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 9 அன்று குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி வாங்கும் வயது 21 ஆனது, ரெட் ஃப்ளாக் உத்தரவும் வந்தது. என்ஆர்ஏ என்ற துப்பாக்கி ஆதரவு அமைப்பு அன்றே வழக்குப் போட்டது வேறு விஷயம். அதற்குப் பிறகு அங்கே ஆயிரக்கணக்கான உத்தரவுகள் போடப்பட்டிருக்கின்றன. கட்சி பார்த்துத்தான் இதெல்லாம் நடக்கும் என்பவர்கள் இந்த மாநிலத்தைப் பார்க்க வேண்டும்.

சட்டம் மட்டும் போதுமா என்றால், போதாது. நியூயார்க் மாநிலத்தில் ரெட் ஃப்ளாக் சட்டம் 2019-லிருந்தே இருந்தது. 2021 ஜூனில் ஒரு மாணவன், பள்ளி முடித்ததும் என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விக்குக் கொலையும் தற்கொலையும் என்று எழுதினான். போலீஸ் அவனை மனநலப் பரிசோதனைக்கு அழைத்துப் போனது, பிறகு விட்டுவிட்டார்கள். யாரும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அடுத்த மே மாதம் அவன் சட்டப்படி வாங்கிய துப்பாக்கியோடு பஃபலோ நகரத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், கறுப்பினத்தவர் 10 பேரைக் குறிவைத்துக் கொன்றான். அதற்கு அப்புறம்தான், இப்படிப்பட்டவர்கள் மீது மாநிலப் போலீஸ் மனு போட்டே ஆக வேண்டும் என்று ஆளுநர் உத்தரவிட்டார். எனக்கு இதைப் படிக்கும்போது ஆத்திரம்தான் வருகிறது. கருவி கையில் இருந்தது, எடுக்கத்தான் ஆளில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. கூட்டத்தைச் சுடும் சம்பவங்களில் சாகிறவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். கனெக்டிகட் மாநில உத்தரவுகளை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசியபோது, 10 முதல் 20 உத்தரவுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். படுகொலையைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டம் தினமும் சத்தமில்லாமல் காப்பாற்றுவது பெரும்பாலும் இவர்களைத்தான்.

அங்கே வாழும் நம்மவர்களுக்காகக் கடைசியாக ஒரு விவரம், ஏனென்றால் மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். கலிஃபோர்னியாவில் குடும்பத்தாரோடு ஆசிரியர், முதலாளி, சக ஊழியர்கூட மனு போடலாம். நியூயார்க்கில் குடும்பத்தார், பள்ளி நிர்வாகத்தினர், மருத்துவர் போடலாம். ஃப்ளோரிடாவில் போலீஸ் மட்டும்தான், அதனால் நீங்கள் போலீஸிடம் சொல்லி அவர்களைப் போட வைக்க வேண்டும். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. டெக்சஸ் 2025-இல் ரெட் ஃப்ளாக் உத்தரவுகளுக்கு எதிராகவே சட்டம் போட்டிருக்கிறது. அங்கே உடனடி ஆபத்து என்றால் 911, மனநல நெருக்கடி என்றால் 988. அந்த 988 எண் எல்லா மாநிலத்திலும் ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், மெசேஜும் அனுப்பலாம்.