துரு ஓடையில் பச்சைப் படலம்

வணக்கம் நேயர்களே.

கைவிட்ட சுரங்கத்திலிருந்து வரும் ஓடை ஆரஞ்சு நிறத்தில் கிடக்கும். பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதைய, கந்தக அமிலமும், நீரில் கரைந்திருக்கும் ஃபெரஸ் இரும்பும் ஓடையில் கலக்கின்றன. ஃபெரஸுக்கு நிறம் ஏறக்குறைய இல்லை. ஆக்சிஜனால் அது ஃபெரிக் என்ற இன்னொரு வடிவமாக மாறிய பிறகே துரு படியும். கடும் அமில நீரில் அது தானாக நடக்க ஆண்டுக்கணக்காகும். இந்த மாற்றத்திலிருந்தே ஆற்றல் பெறும் இரும்பு பாக்டீரியா அதைப் பத்து லட்சம் மடங்கு விரைவாக்கும் என்று 1970இல் சிங்கர், ஸ்டம் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அதே ஓடையில் பச்சையும் உண்டு. ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆறு சுமார் 100 கிலோமீட்டர் ஓடுகிறது, அமிலத்தன்மை பி.எச். 2.3 அளவில். அங்கும் பாசிகள் செழிக்கின்றன. இத்தகைய நீரில் எனக்குப் பிடித்தது யூக்ளினா மியூட்டபிலிஸ் என்ற ஒரு செல் பாசி. வெயில் ஏறினால் அதன் படலத்தில் ஆக்சிஜன் குமிழிகள் முத்து முத்தாகத் தொங்கும். நான்கு ஃபெரஸ் அயனிகளை மாற்ற ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். பாக்டீரியாவுக்கு அது பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது.

உடனே இதைப் பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் இடையிலான கூட்டுவாழ்வு என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாசியிலிருந்து கசியும் சிறு கரிம அமிலங்கள், புற அமிலத்தால் மின்னூட்டமின்றி இருப்பதால், பாக்டீரியாவின் செல்லுக்குள் எளிதாக நுழைந்து உள்ளே பிரிந்து அதை அமிலமாக்கும். அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்ற இரும்பு பாக்டீரியாவுக்கு அது நஞ்சு. அசிடிஃபிலியம் போன்ற வேறு பாக்டீரியாக்கள் அந்தக் கசிவைத் தின்று தீர்த்தால்தான் அது பிழைக்கும். பாக்டீரியா உண்டாக்கும் துருவும் பாசியின்மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும்.

அமிலம் குறைந்த, நடுநிலையை ஒட்டிய நீரில் கதை இன்னும் மாறும். முறுக்குக் காம்பு விடும் கேலியோனெல்லா என்ற இரும்பு பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கொஞ்சமாக இருக்க வேண்டும். அங்கே பாசி தாராளமாகக் கொடுத்தால், இரும்பு தானாகவே வேகமாகத் துருவாகிவிடும். கேலியோனெல்லாவுக்கு உணவு மிஞ்சாது. ஓரிடத்தில் உதவி, இன்னோரிடத்தில் அதே ஆக்சிஜன் வயிற்றில் அடிக்கிறது.

இரவில் பாசி ஆக்சிஜனை விடுவதில்லை, சுவாசிக்கவே செய்கிறது. பகலில் வெயிலே ஃபெரிக்கில் ஒரு பகுதியைத் திரும்ப ஃபெரஸாக்கி, பாக்டீரியாவுக்கு மறுபடி இரை வைக்கிறது. ஆகவே ஓடையின் இரும்பு அளவு நண்பகலில் ஒன்றாகவும் நள்ளிரவில் வேறாகவும் இருக்கும். நீர் மாதிரி எடுக்கப் போகிறவர்கள் கையில் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொள்ளட்டும்.

நன்றி, வணக்கம்.