கீட்டோவும் 16 மணி நேர விரதமும்: எடை ஏன் நின்றது, முடி ஏன் கொட்டுகிறது?

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்று முழுமையாகப் பதில் சொல்கிறேன். உடனே கவனிக்க வேண்டிய ஒரு செய்தி அதில் இருக்கிறது.

கேட்டிருப்பவர் ஒரு சகோதரி, வயது 43. உயரம் 158 சென்டிமீட்டர். தொடங்கியபோது எடை 82 கிலோ. மூன்று மாதங்களாகக் கீட்டோ உணவு, அதாவது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவு, சாப்பிடுகிறார்; அதனுடன் பகல் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் மட்டுமே சாப்பிடுவது என்ற விரத முறையையும் கடைப்பிடிக்கிறார். முதல் பத்து நாளில் மூன்றரைக் கிலோ இறங்கியது, பிறகு மெல்லக் குறைந்து 74-க்கு வந்தது. நான்கு வாரங்களாக எடை அங்கேயே நிற்கிறது. தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது என்று எழுதியிருக்கிறார். சர்க்கரைக்காக மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் எடுத்துக்கொள்கிறார். 15 வயது மகளும் தன்னோடு சேர்ந்து இதைச் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா, எடையையும் முடியையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் ரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அதனால் உடலில் இன்சுலினின் அளவு குறைகிறது, கொழுப்பு கரைந்து கீட்டோன்கள் உருவாவது கூடுகிறது. நீங்களோ சோற்றையும் இட்லியையும் நிறுத்தி, 16 மணி நேரம் பட்டினியும் இருந்து, அதே கீட்டோன்களை இன்னொரு பக்கத்திலிருந்தும் பெருக்குகிறீர்கள். இரண்டும் சேரும்போது சிலருக்கு ரத்தம் அமிலத்தன்மை அடையும் ஆபத்தான நிலை வந்துவிடுகிறது. 2015-ஆம் ஆண்டு மே மாதமே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகளைக் குறித்து இப்படி எச்சரித்தது. இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்திலும் வீட்டுக் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோ மட்டும் தெரியக்கூடும். அந்த எண்ணைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், காரணமில்லாத கடும் அசதி ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், இந்த மாத்திரை சாப்பிடுவதையும் கீட்டோவில் இருப்பதையும் அங்கே முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இன்றே பேசுங்கள்; அவர் முடிவு சொல்லும் வரை கீட்டோவையும் நீண்ட விரதத்தையும் நிறுத்திவைத்து, மூன்று வேளையும் அளவாகச் சோறோ இட்லியோ சேர்த்துச் சாப்பிடுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஆபத்து வேறு வகையில் வரும்: உணவைக் குறைத்துவிட்டு மருந்தைக் குறைக்காமல் விட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

இனி எடைக்கு வருவோம். நம் கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கியவுடன் இந்தச் சேமிப்பு கரைகிறது, அதனுடன் நீரும், சிறுநீரகம் வெளியேற்றும் உப்பும் போகின்றன. முதல் பத்து நாளில் உங்களுக்குக் குறைந்த மூன்றரைக் கிலோவில் பெரும்பகுதி அந்த நீர்தான். நான் இதை உங்கள் முயற்சியைக் குறைத்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அந்த வேகத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டதால்தான் இன்று உங்களுக்கு மனம் சோர்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாள்தோறும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டாலும் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கொழுப்பு கரையும்.

அப்படியானால் நான்கு வாரமாக அந்த அரைக் கிலோவும் ஏன் குறையவில்லை? நீங்கள் எழுதி அனுப்பிய ஒரு நாள் உணவிலேயே விடை இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயும் கலந்த காபி. நண்பகலில் 100 பாதாம். இரவு ஏழரைக்கு நெய்யில் இரண்டு முட்டை ஆம்லெட், தேங்காய்த் துருவல் போட்ட பீன்ஸ் பொரியல். காபியில் மட்டும் 220 கலோரி இருக்கிறது. அதை விரத நேரத்தில் குடித்தால் விரதம் முறியாது என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கலோரி கணக்கில் அது ஒரு சிற்றுண்டிதான். பாதாம் ஒன்று ஏறத்தாழ 1.2 கிராம் எடை இருக்கும், அதில் ஏழு கலோரி. நூறு பாதாம் என்றால் 700 கலோரி. கையில் எடுக்கும்போது இரண்டு கைப்பிடி போலத்தான் தெரியும், ஆனால் நம் வழக்கமான ஒரு வேளைச் சாப்பாட்டின் கலோரி அதற்குள் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பேலியோ என்ற மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறை நம் ஊரில் பரவியபோது இந்த நூறு பாதாம் கணக்கு வாய்வழியாகவே வீடுகளுக்குள் வந்துவிட்டது. கீட்டோவில் உடல் கொழுப்பை எரிக்கிறது என்பது உண்மை. ஆனால் எரிப்பதற்குத் தேவையான கொழுப்பு முழுவதும் காபியிலிருந்தும் பாதாமிலிருந்தும் கிடைத்துவிட்டால், இடுப்பில் இருப்பதை அது ஏன் தொடப் போகிறது?

விரதத்தைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022-இல் வெளியானது. எல்லாருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. ஒரு பிரிவினர் மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்குக்குள் சாப்பிட வேண்டும். அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோவும், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன; புள்ளியியல் கணக்கில் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த முடியவில்லை. நொறுக்குத்தீனியை நிறுத்த நேரக் கட்டுப்பாடு சிலருக்கு மிகவும் உதவுகிறது, நானும் பலருக்கு அதைச் சொல்கிறேன். ஒரு பொழுது இருப்பதாகச் சொல்லி இரவில் வயிறு முட்டப் பலகாரம் சாப்பிட்டால் பயனில்லை என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். விரதத்தின் பதினாறாவது மணி நேரத்தில் செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளத் தொடங்கிவிடும் என்ற பேச்சையும் நம்பிவிடாதீர்கள். செல்களின் இந்தச் சுத்திகரிப்பைப் பற்றி ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி செய்து 2016-இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வு ஈஸ்ட் செல்களில் நடந்தது. மனிதர் 16 மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

முடி கொட்டுவதற்கு வருகிறேன். எடை வேகமாகக் குறையும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கின்றன. உங்கள் மூன்று மாதக் கணக்கு அதனுடன் பொருந்துகிறது. பெரும்பாலும் சில மாதங்களில் முடி திரும்ப வளர்ந்துவிடும், ஆகவே கலங்க வேண்டாம். ஆனால் உங்கள் உணவில் புரதம் குறைவாக இருக்கிறது: பாதாமில் 25 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், பொரியலில் கொஞ்சம், ஆக 40 கிராம்தான். எடை குறைக்கும் காலத்தில் உங்களுக்கு அதைப்போல் இரு மடங்கு வரை தேவைப்படும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பாதாமை இருபதாகக் குறைத்து, பகலில் 150 கிராம் மீனோ கோழியோ, சைவமானால் பனீரோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), கொலஸ்ட்ரால் நான்கையும் பரிசோதியுங்கள். கீட்டோவில் சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மிகவும் ஏறிவிடுகிறது.

மருத்துவர் கீட்டோ வேண்டாம் என்று சொன்னால் எல்லாம் வீணாகிவிட்டதாக நினைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்-இந்தியாப்’ என்ற சர்க்கரை நோய் ஆய்வில் பங்கேற்ற 18,090 பேரின் உணவை அலசி 2022-இல் வெளியான கட்டுரை, புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடும் புரதம் 20 விழுக்காடு வரையும் இருப்பதைத்தான் பரிந்துரைத்தது. அது அரிசியை அடியோடு விடுவது அல்ல. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயையும் பருப்பையும் மீனையும் வைப்பது. சோறு திரும்ப வந்த முதல் வாரத்தில் எடை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறும்; போன நீர் திரும்புகிறது, அவ்வளவுதான். அந்த வாரம் எடை பார்க்காமல், தொப்புள் அளவில் நாடாவால் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். கீட்டோ உணவு 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக முன்வைத்தது. இன்றும் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு நரம்பியல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் கூடவே இருந்து கண்காணித்துத்தான் அதைக் கொடுக்கிறார்கள். எலும்பு வலுப்பெறும் வயதில், மாதவிடாய் சீராகிவரும் வயதில், அம்மாவைப் பார்த்து ஒரு பெண் பட்டினி இருக்கப் பழகக் கூடாது. நாளைக் காலை பள்ளிக்குப் போகும் முன் அவளுக்கு மூன்று இட்லியும் சாம்பாரும் ஒரு முட்டையும் கொடுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இட்லி சாப்பிடுங்கள்.